ஆனைமலைக் காட்டில் பறவையும் விலங்கும் பார்க்கப் போகிறவர்களுக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பொள்ளாச்சியைத் தாண்டி டாப்ஸ்லிப்புக்கோ வால்பாறைக்கோ கிளம்பும் நண்பர்களும், அவர்களுடைய நண்பர்களும் போன் போட்டுக் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். அவற்றையும் நான் வழக்கமாகச் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதிவைத்திருக்கிறேன்.

புலியைப் பார்க்க முடியுமா?

பெரும்பாலும் முடியாது. முதல் கேள்வி எப்போதும் இதுதான் என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

புலி இருக்கிறது. ஆனால் ராஜஸ்தான், மத்தியப் பிரதேசக் காடுகளில் ஜீப்பில் போய்ப் புலியைப் படமெடுத்து வந்தவர்களின் கதையைக் கேட்டுவிட்டு இங்கே வராதீர்கள். அவை வறண்ட காடுகள். கோடையில் தண்ணீர் நிற்கும் இடங்கள் சிலவே. புலி அங்கே வந்துதான் ஆக வேண்டும். ஆனைமலையின் மழைக்காட்டில் ஓடைக்கு ஓடை தண்ணீர், பத்தடிக்கு அப்பால் பார்வை போகாத பச்சை. மண் பாதையில் பாதத் தடம், மரப்பட்டையில் நகக் கீறல், பாதை நடுவே மயிர் கலந்த எச்சம், இவ்வளவுதான் சாதாரணமாகக் கிடைக்கும்.

புலி மட்டும்தான் வேண்டும் என்றால் வேறு காட்டுக்குப் போங்கள். இங்கே இருப்பது வேறு. சிங்கவால் குரங்கு, கருமந்தி, வரையாடு, மலபார் சாம்பல் இருவாச்சி (ஹார்ன்பில் பறவை): மேற்குத் தொடர்ச்சி மலையை விட்டால் இந்த நான்கும் உலகில் வேறெந்தக் காட்டிலும் இல்லை. நான்கையும் ஒரே வாரக் கடைசியில் பார்த்துவிட்டு வீடு திரும்புகிறவர்கள் உண்டு.

தேசியப் பூங்கா, சரணாலயம், புலிகள் காப்பகம் என்று மாறி மாறிச் சொல்கிறார்களே, எது எது?

எல்லாம் ஒன்றுக்குள் ஒன்று. 1976இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட காடு பின்னர் இந்திரா காந்தி பெயரைப் பெற்றது. அதற்குள் கரியன்சோலை, புல்மலை (கிராஸ் ஹில்ஸ்), மஞ்சம்பட்டி ஆகிய பகுதிகளைச் சேர்த்து சுமார் 117 சதுர கிலோமீட்டரை 1989இல் தேசியப் பூங்காவாக்கினார்கள். 2007இல் மொத்தக் காடும் ஆனைமலைப் புலிகள் காப்பகமானது. வெளி வளையத்தையும் சேர்த்தால் கிட்டத்தட்ட 1,480 சதுர கிலோமீட்டர். 2012இல் யுனெஸ்கோ மேற்குத் தொடர்ச்சி மலையின் 39 இடங்களை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோது கரியன்சோலையும் புல்மலையும் அதில் இடம்பெற்றன.

போகிறவருக்கு இதில் தெரியவேண்டியது ஒன்றுதான். புல்மலை போன்ற உட்பகுதிகளுக்குச் சும்மா போக முடியாது. சுற்றுலாவுக்குத் திறந்திருப்பது டாப்ஸ்லிப் பக்கமும், வால்பாறைச் சாலையும் அதை ஒட்டிய இடங்களும்.

டாப்ஸ்லிப்பா, வால்பாறையா?

முடிந்தால் இரண்டும். ஒன்றுதான் என்றால், என்ன பார்க்க வேண்டும் என்பதைப் பொறுத்தது.

டாப்ஸ்லிப் பொள்ளாச்சியிலிருந்து சேத்துமடை வழியாக சுமார் 35 கிலோமீட்டர். வெள்ளைக்காரன் காலத்தில் வெட்டிய மரங்களை மேலிருந்து சரிவில் உருட்டிவிட்ட இடம். காட்டை மொட்டையடித்த பிறகு, ஹியூகோ உட் என்ற வன அதிகாரி தேக்கை வேரோடு பிடுங்காமல் தரையை ஒட்டி வெட்டி, கட்டையிலிருந்து மறுபடி துளிர்க்க விடும் முறையைக் கொண்டுவந்தார். 1933இல் இறந்த அவருடைய கல்லறை டாப்ஸ்லிப் அருகே, தேக்கு மரங்களுக்கு நடுவிலேயே இருக்கிறது. இந்தத் தேக்குக் காடு கோடையில் இலையை உதிர்த்துவிடும், உள்ளே வெளிச்சம் விழும், புல் முளைக்கும். அதனால் புள்ளிமான், காட்டுமாடு, கடமான், காட்டுப்பன்றி, மயில் எல்லாம் இங்கே சுலபம். கொஞ்சம் நடந்தால் கரியன்சோலை. அது இலை உதிராத அசல் மழைக்காடு. தேக்கிலிருந்து சோலைக்குள் காலெடுத்து வைக்கும் அந்த இடத்தில் வெளிச்சம், ஈரம், சத்தம் மூன்றும் மாறும். பறவைகளும் மாறும்.

வால்பாறை வேறு கதை. சுற்றிலும் தேயிலைத் தோட்டம், நடுநடுவே வெட்டப்படாமல் தப்பிய துண்டுக் காடுகள். பார்ப்பதற்கு இது குறைதானே என்று தோன்றும். ஆனால் தேயிலைச் சரிவு திறந்த வெளி. எதிரே காட்டின் விளிம்பு முழுசாகத் தெரியும். பெரிய இருவாச்சி பள்ளத்தாக்கைக் கடந்து பறப்பதை உட்கார்ந்த இடத்திலிருந்து பார்க்கலாம். சாயங்காலம் தேயிலைக்குள் காட்டுமாட்டுக் கூட்டம் இறங்கி நிற்கும். முதல் முறை வருகிறவர்களுக்கு நான் வால்பாறையைத்தான் சொல்வேன்.

எந்த மாதம் நல்லது?

டிசம்பர் முதல் பிப்ரவரி நடுப்பகுதி வரை. மழை ஓய்ந்திருக்கும், பாதை காய்ந்திருக்கும், வடக்கிலிருந்து வலசை வந்த பறவைகளும் இருக்கும். சாம்பல் வாலாட்டி ஓடைக்கரையில், ஆறுமணிக்குருவி சருகுக்குள், அரசவால் ஈப்பிடிப்பான் மூங்கில் ஓரத்தில்.

பிப்ரவரி கடைசிக்கு மேல் காட்டுத்தீ பயம். அந்த மாதங்களில் நடைப் பயணத்தை நிறுத்திவைப்பார்கள், சில ஆண்டு பூங்காவையே மூடிவிடுவார்கள். கிளம்புவதற்கு முன் வனத்துறை அலுவலகத்தில் கேட்டுக்கொள்வது நல்லது. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. வால்பாறைக்கு அருகிலுள்ள சின்னக்கல்லாறு தென்னிந்தியாவிலேயே மிக அதிகம் மழை வாங்கும் இடங்களில் ஒன்று. அந்த மழையில் பைனாகுலர் கண்ணாடியைத் துடைப்பதிலேயே பொழுது போய்விடும். ஆனால் காடு அப்போதுதான் அழகு என்று சொல்கிறவர்களோடு நான் சண்டை போடமாட்டேன்.

உள்ளே போனால் வெறும் இலைதான் தெரிகிறது. மிருகமும் இல்லை, பறவையும் இல்லை. எப்படித்தான் பார்க்கிறீர்கள்?

நடப்பதை நிறுத்துங்கள். பாதிப் பதில் அதுதான்.

மழைக்காட்டில் மரங்கள் நூறடிக்கு மேல் போகும். பெரும்பாலான பறவையும் குரங்கும் அணிலும் அந்த மேல்தட்டில் இருக்கின்றன. நீங்கள் கீழே சருகை நொறுக்கிக்கொண்டு, பேசிக்கொண்டு நடக்கிறீர்கள். உங்களைச் சுற்றி ஐம்பதடிக்கு எல்லாம் அடங்கிவிடுகின்றன. நின்று, ஒரு மரத்தில் சாய்ந்து, கால் மணி நேரம் சும்மா இருந்தால் அடங்கியவை மறுபடி தங்கள் வேலையைத் தொடங்கும். முதல் ஐந்து நிமிடம் எதுவும் நடக்காது. அதோடு எழுந்துவிடுகிறவர்கள்தான் ‘ஒன்றுமே இல்லை’ என்கிறார்கள்.

அடுத்தது காது. இந்தக் காட்டில் முதலில் கேட்டுவிட்டுத்தான் பார்க்க முடியும். கடகடவென்ற உரத்த சிரிப்பொலி கேட்டால் சாம்பல் இருவாச்சி. மேலே கிளை சலசலத்து, கூடவே ‘க்ர்ர்-கட்கட்கட்’ என்று தொடர் ஒலி வந்தால் மலபார் மலையணில். தலையும் வாலும் சேர்ந்து மூன்றடி நீளம் வரும் செம்பழுப்பு உடம்பு, எங்கோ ஓர் இலைக்கொத்துக்குப் பின்னால் இருக்கும். அடிவயிற்றிலிருந்து வரும் ‘ஹூ, ஹூ, ஹூ’ கருமந்தியின் ஆண். விடாமல் ‘குட்ரூ குட்ரூ’ என்பது குக்குறுவான். அதைத் தேடி நேரத்தை விரயம் பண்ணாதீர்கள், எப்படியும் கண்ணில் படும்.

அப்புறம் பார்க்கிற விதம். இலையை உற்றுப் பார்க்காமல், மொத்தப் பச்சையிலும் கண்ணைப் பரத்திவைத்து அசைவுக்காகக் காத்திருக்க வேண்டும். காற்றில் எல்லா இலையும் ஆடும். பறவை உட்கார்ந்தால் ஒரு கொத்து மட்டும் ஆடும்.

அசையாமல் இருப்பதையே பிழைப்பாக வைத்திருக்கும் பறவையும் ஒன்று உண்டு, தீக்காக்கை. ஆணின் வயிறு பளீரென்ற சிவப்பு. ஆனால் ஆள் வந்தால் பழுப்பு முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்துகொள்ளும். மூன்று ஆள் உயரத்தில், கண்ணெதிரே வெற்றுக் கிளையில் இருப்பதை முழுக் குழுவும் கடந்துபோவதைப் பார்த்திருக்கிறேன்.

ஒரு நிமிடம் எங்கும் பறவை, அடுத்த நிமிடம் ஒன்றுமில்லை. ஏன் இப்படி?

நீங்கள் பார்த்தது கலப்புக் கூட்டம். பல இனப் பறவைகள் சேர்ந்து இரை தேடிக்கொண்டே காட்டுக்குள் நகரும். மரங்கொத்தி பட்டையைக் கொத்தும், பசையெடுப்பான் தலைகீழாக இறங்கும், மின்சிட்டு உச்சியில் புழு பிடிக்கும், சிலம்பன்கள் கீழ்ப் புதரைக் கலைக்கும். ஒன்றின் சாப்பாட்டில் மற்றது கைவைப்பதில்லை. இத்தனை கண்கள் இருந்தால் வல்லூறு வருவதும் சீக்கிரம் தெரிந்துவிடும்.

இந்தக் கூட்டத்தில் அநேகமாக ஒரு துடுப்புவால் கரிச்சான் இருக்கும். வால் நுனியில் இரண்டு நீண்ட கம்பிகள், கம்பி முனையில் சிறு இறகுத் துடுப்புகள். மற்றவை கிளப்பிவிடும் பூச்சியை அந்தரத்தில் பிடிப்பது அதன் வேலை. பதிலுக்குக் காவலும் காக்கும். பல பறவைகளின் குரலை அப்படியே எடுத்துப் பேசும், பருந்து வகையின் குரலையும் சேர்த்துத்தான். செல்போன் செயலியை நீட்டி ஒலியை அடையாளம் காண்கிறவர்கள் இந்தக் கரிச்சானிடம் ஏமாறாமல் இருக்க மாட்டார்கள். திரையில் ஐந்து பறவைப் பெயர் வரும், மரத்தில் இருப்பது ஒன்றே ஒன்று.

நடைமுறையில்: கூட்டம் வந்தால் குறிப்பேடு, கேமரா எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் பாருங்கள். அது போகும் திசையில் பாதை இருந்தால் மெல்லக் கூடவே போகலாம். இல்லாவிட்டால் விட்டுவிட வேண்டியதுதான்.

பெரிய இருவாச்சியை எங்கே தேடுவது?

இருவாச்சியைத் தேடாதீர்கள், பழுத்த அத்தியைத் தேடுங்கள்.

காட்டத்தியிலும் ஆலிலும் பல இனங்கள் உண்டு. ஒரே இனத்திலும் ஒரு மரம் இந்த மாதம் காய்க்கும், பக்கத்து மரம் மூன்று மாதம் கழித்துக் காய்க்கும். பூவை மகரந்தச் சேர்க்கை செய்யும் குளவி அந்தப் பழத்துக்குள்ளேயே வாழ்வதால், குளவிக்கு எந்த மாதமும் எங்காவது ஒரு மரம் தயாராக இருந்தாக வேண்டும். அதனால் காட்டில் வேறெந்தப் பழமும் இல்லாத மாதத்திலும் அத்தி இருக்கும், எல்லோரும் அங்கே வந்துசேர்வார்கள்.

பழுத்த அத்தி கிடைத்துவிட்டால் அன்றைக்கு வேறெங்கும் போகத் தேவையில்லை. கிளை தெரியும்படி, வெயிலுக்கு முதுகு காட்டி, கொஞ்சம் தள்ளி உட்காருங்கள். விடிந்ததும் பச்சைப்புறாக்கள் வரும். அவை வந்தது தெரியாது, பழம் விழுவதுதான் தெரியும். மலை மைனா சத்தம் போட்டுக்கொண்டே வரும். குக்குறுவான்கள், கண்ணைப் பறிக்கும் நீல முதுகோடு ஃபேரி புளூபேர்ட், பெரிய மலைப்புறா என்று வரிசை நீளும். மலையணில் ஒரு கிளையைத் தன் சொத்தாக்கிக்கொண்டு மற்றவரை விரட்டும். இடையில் மேலே ‘ஹஷ்... ஹஷ்... ஹஷ்...’ என்று நீராவி ரயில் கிளம்புவதுபோல ஓர் ஓசை நெருங்கும். அதுதான் பெரிய இருவாச்சியின் இறக்கை. நான்கடிக்கு அருகே நீளம் வரும் பறவை அத்திக் கிளையில் தத்தித் தத்திப் போய், அலகு நுனியால் ஒரு பழத்தைக் கிள்ளி, மேலே தூக்கிப் போட்டு, தொண்டைக்குள் பிடித்துக்கொள்ளும். ஒவ்வொரு பழமும் அப்படித்தான். கண் சிவப்பாக இருந்தால் ஆண், வெள்ளையாக இருந்தால் பெண்.

கீழே விழும் பழத்துக்குக் கேளையாடு என்ற சின்ன மானும் சருகுமானும் வரும். இருட்டிய பின் பழுப்பு மரநாய். அதுவும் மேற்குத் தொடர்ச்சி மலைக்கே உரியது.

கூட்டைப் பார்க்க முடியுமா?

தெரிந்தாலும் போகாதீர்கள். டிசம்பர், ஜனவரி வாக்கில் பெண் இருவாச்சி பெரிய மரத்தின் பொந்துக்குள் போய், தன் எச்சத்தையும் உணவு மிச்சத்தையும் குழைத்து வாசலைப் பூசி அடைத்துக்கொள்ளும். அலகு நுழையும் பிளவு மட்டும்தான் மிச்சம். உள்ளே இருக்கும்போது இறகுகளையும் உதிர்த்துவிடும், பறக்க முடியாது. பெண்ணும் பிறகு குஞ்சும் சாப்பிடுவது ஆண் கொண்டுவருவதைத்தான். கீழே கேமராவோடு நான்கு பேர் நின்றால் ஆண் பக்கத்து மரத்திலேயே உட்கார்ந்து காத்திருக்கும், இல்லையேல் திரும்பிப் போய்விடும். அன்றைய சாப்பாடு அவ்வளவுதான். ஒரே பொந்தை ஆண்டுதோறும் பயன்படுத்துவதால் கூட்டின் இடத்தைப் பொதுவில் சொல்வதும் கூடாது.

மலைக்கு அந்தப் பக்கம், கேரளத்து வாழச்சால் காட்டில், காடர் பழங்குடியினரே இருவாச்சிக் கூடுகளைக் கண்காணித்துக் காவல் காக்கிறார்கள். காட்டைப் பற்றி அவர்களுக்குத் தெரிந்ததில் கொஞ்சமாவது தெரிந்த ஒருவர் உங்களுக்கு வழிகாட்டியாகக் கிடைத்தால் பாக்கியம்.

கறுப்புக் குரங்கு ஒன்று பார்த்தோம். அது சிங்கவால் குரங்கா, கருமந்தியா?

வாலைப் பார்த்தீர்களா? கருமந்திக்கு வால் உடம்பைவிட நீளம், கிளையிலிருந்து நேராகத் தொங்கும், நுனியில் குஞ்சம் கிடையாது. உடம்பு பளபளக்கும் கறுப்பு, தலைமுடி மட்டும் தேன் பழுப்பு. சிங்கவால் குரங்குக்கு வால் குட்டை, நுனியில் சிறு குஞ்சம். முகத்தைச் சுற்றி சாம்பல் வெள்ளைப் பிடரி.

நடத்தையிலும் தெரியும். கருமந்தி இலை தின்னி, ஆளைக் கண்டதும் ஒரே பாய்ச்சலில் அடுத்த மரம். சிங்கவால் குரங்கு கிளையைக் கிளறும், பட்டையை உரித்துப் பூச்சி பிடிக்கும், பலாப்பழத்தை நோண்டும். அதற்குப் பிடித்த மரங்களில் ஒன்று வெடிப்பலா. முள் நிறைந்த அதன் காயைப் பிரித்து விதையை எடுத்துத் தின்பதைப் பார்த்தால் கை வேலையின் நேர்த்தி புரியும்.

சாலையோரம் உங்கள் வாழைப்பழத்தைப் பறித்துக்கொண்டு ஓடியது இரண்டும் இல்லை, நாட்டுக் குரங்கு.

வால்பாறையில் சிங்கவால் குரங்கு வீடுகளுக்கு அருகிலேயே வருகிறதாமே? சாப்பிட ஏதாவது கொடுக்கலாமா?

வருகிறது. டவுனை ஒட்டிய புதுத்தோட்டம் துண்டுக் காட்டில் வாழும் கூட்டங்கள் சாலைக்கும் கூரைக்கும் பழகிவிட்டன. மரத்தைவிட்டு இறங்காத இனம் தார்ச் சாலையில் உட்கார்ந்திருப்பது முதலில் பார்க்கிறவர்களுக்கு ஆச்சரியம், எனக்கு வயிற்றைக் கலக்கும் காட்சி. வண்டியில் அடிபட்டுச் சாகின்றன. அதற்காகச் சாலைக்கு மேலே மரத்துக்கு மரம் தீயணைப்புக் குழாய்த் துணியால் பாலம் கட்டியிருக்கிறார்கள். இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளை என்ற அமைப்பும் வனத்துறையும் செய்த வேலை அது. குரங்குகள் அதில் வரிசையாகக் கடப்பதைப் பார்க்கலாம். அங்கே நிற்கும் காவலர்கள் வண்டியை மெதுவாக்கச் சொன்னால் முகம் சுளிக்காதீர்கள்.

சாப்பிட எதுவும் கொடுக்கக் கூடாது. சட்டப்படியும் குற்றம். நீங்கள் போடும் ஒரு பிஸ்கட்டுக்காக அது நாளைக்கும் சாலைக்கு வரும்.

வரையாடு?

ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு ஏறும் சாலையில் 40 கொண்டை ஊசி வளைவுகள். 9ஆவது வளைவில் லோம்ஸ் வியூ என்ற காட்சி முனை இருக்கிறது. அதைச் சுற்றிய பாறைச் சரிவுகளில் தமிழ்நாட்டின் மாநில விலங்கைக் காரிலிருந்து இறங்காமலேயே பார்க்கலாம். வயதான ஆணின் முதுகில் வெளிர் சாம்பல் சேணம் விழுந்திருக்கும். உப்பு, சிப்ஸ் என்று நீட்டுகிறவர்களும் அங்கே உண்டு. அதற்கும் மேலே சொன்ன பதிலே.

என்ன பைனாகுலர் வாங்குவது?

8x42. எட்டு மடங்கு பெரிதாக்கும், முன் கண்ணாடி 42 மில்லிமீட்டர். பத்து மடங்கு இன்னும் நல்லதுதானே என்று கடைக்காரர் சொல்வார். ஏரிக்கரைக்கு நல்லது, காட்டுக்கு இல்லை. பத்தில் கை நடுக்கமும் பத்து மடங்கு, பார்வைப் பரப்பு குறுகும், இலைக்கூட்டத்தில் பறவையைக் கண்டுபிடிப்பதற்குள் அது போயிருக்கும். வெளிச்சக் கணக்கும் உண்டு: 42ஐ 8ஆல் வகுத்தால் 5 மில்லிமீட்டருக்கு மேல் ஒளி வட்டம் கண்ணுக்கு வருகிறது, 10ஆல் வகுத்தால் 4 சொச்சம்தான். சோலைக்குள் காலை ஏழு மணிக்கு அந்த வித்தியாசம் தெரியும்.

பறவையை முதலில் வெறும் கண்ணால் பிடித்து, கண்ணை எடுக்காமல் பைனாகுலரைக் கண்ணுக்குக் கொண்டுவரப் பழகுங்கள். வீட்டு மொட்டை மாடியில் மைனாவை வைத்துப் பழகலாம்.

எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும்?

வெளிச்சம் வருவதற்கு முன் தயாராக இருங்கள். அந்த நேரத்தில் ஓடைப் பக்கமிருந்து யாரோ ராகம் தெரியாமல் விசிலடிப்பது கேட்டால் அது சீகாரப்பூங்குருவி. ஆறரையிலிருந்து ஒன்பதரை வரை பறவை நேரம். மதியம் தூங்குங்கள். நாலு மணிக்கு மேல் மறுபடி. விலங்குகளுக்கு அதுதான் நல்ல நேரம். டாப்ஸ்லிப்பில் வனத்துறை வண்டியில் போகும் சவாரி காட்டுமாடும் மானும் பார்க்கச் சரி. பறவைக்கு அது உதவாது, எஞ்சின் சத்தம்.

காட்டுக்குள் திடீரென ஏதோ கத்தியது. பயப்பட வேண்டுமா?

பயப்பட வேண்டாம், கவனியுங்கள். கடமான் ‘டாங்க்’ என்று ஒற்றையாகக் கத்தி, நின்று, மறுபடி கத்தினால், அது புலியையோ சிறுத்தையையோ செந்நாயையோ உண்மையிலேயே பார்த்திருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். புள்ளிமான் அப்படி இல்லை, சந்தேகத்துக்கே கத்தும். கருமந்தி மேலிருந்து ஒரே திசையைப் பார்த்துக் கத்திக்கொண்டே இருந்தால் அந்தத் திசையில் தரையில் ஏதோ நகர்கிறது. குரல் இடம் மாறுகிறதா என்று கேளுங்கள். மிருகம் போகும் பாதை அதிலேயே தெரிந்துவிடும். கேளையாடு நாய் குரைப்பதாகவே ஏமாற்றும்.

யானை எதிரே வந்துவிட்டால்?

நடந்து போகும்போது முன்னால் போகும் வழிகாட்டி சொல்வதைக் கேளுங்கள், வேறு யோசனை வேண்டாம். யானை காதை ஆட்டிக்கொண்டு, புல்லைக் காலில் தட்டித் தின்றுகொண்டிருந்தால் அதற்கு உங்களைப் பற்றிக் கவலை இல்லை. சாப்பிடுவதை நிறுத்தி, காதை விரித்து அசையாமல் நின்றால், துதிக்கையை உங்கள் பக்கம் நீட்டி மோப்பம் பிடித்தால், வந்த வழியே சத்தமில்லாமல் விலகுங்கள். கண்ணுக்கும் காதுக்கும் நடுவே மதநீர் வழியும் ஆண் யானை என்றால் பார்த்தவுடனே. படம் எடுக்க ‘இன்னும் ஒன்று’ என்று நிற்கும் நண்பரை இழுத்துக்கொண்டு வாருங்கள்.

வண்டியில் இருந்தால் தூரத்திலேயே நிறுத்தி, ஹாரன் அடிக்காமல், பின்னால் போக இடம் வைத்துக்கொண்டு காத்திருங்கள். வால்பாறையில் யானை நடமாட்டத்தை அறிவிக்கச் சிவப்பு எச்சரிக்கை விளக்குகள் இருக்கின்றன, உள்ளூர் மக்களுக்குக் குறுஞ்செய்தியும் போகிறது. விளக்கு எரிந்தால் அலங்காரத்துக்கு என்று நினைக்காதீர்கள்.

இரவில் டார்ச் அடித்துத் தேவாங்கு, பறக்கும் அணில் பார்க்கலாமா?

அனுமதியில்லாமல் கூடாது. சில தனியார் தங்குமிடங்களில் ‘நைட் சஃபாரி’ என்று கூட்டிப்போவதாக ஆசை காட்டுவார்கள். மாட்டினால் அபராதம் உங்களுக்கும்தான். தங்கும் இடத்து வாசலில் விளக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்தாலே பறக்கும் அணில் மரம் விட்டு மரம் சறுக்குவது சில இரவுகளில் தெரியும்.

போனில் பறவைக் குரலை ஒலிக்கவிட்டு வரவழைக்கலாமா?

வேண்டாம். வருகிற பறவை, தன் எல்லைக்குள் எதிரி புகுந்துவிட்டதாக நினைத்துச் சண்டைக்கு வருகிறது. கூடு கட்டும் காலத்தில் அதற்கு அந்தக் கால் மணி நேரமே பெரிய இழப்பு.

அட்டைக்கு என்ன செய்வது?

மழைக்காலத்தில் போனால் கடிக்கத்தான் செய்யும். முழங்கால் வரை வரும் துணி அட்டைச் சாக்ஸ் கிடைக்கிறது, அதைப் போட்டு பேன்ட்டை உள்ளே சொருகுங்கள். உப்பு, மூக்குப்பொடி, வேப்பெண்ணெய் என்று ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள். கடித்த அட்டையை நகத்தால் பக்கவாட்டில் நெம்பி எடுத்தால் போதும். ரத்தம் கொஞ்ச நேரம் நிற்காது, அவ்வளவுதான். எனக்கு அட்டையைவிட உண்ணிதான் தொல்லை. காய்ந்த மாதங்களில் புல்லில் உட்கார்ந்தால் ஒட்டிக்கொள்ளும், நாள்கணக்கில் அரிக்கும், காய்ச்சலும் கொண்டுவரலாம். அறைக்கு வந்ததும் துணியைக் கழற்றி உடம்பைப் பார்த்துவிடுங்கள்.

வழிகாட்டி அவசியமா?

டாப்ஸ்லிப்பில் நடைப் பயணத்துக்குக் கட்டாயம். கட்டாயமில்லாவிட்டாலும் நான் தனியாகப் போகச் சொல்ல மாட்டேன். வழிகாட்டிகளில் பலர் மலசர், காடர் குடிகளைச் சேர்ந்தவர்கள். பகலில் சருகு நிறத்தில் கண்ணை மூடி ஜோடியாக உட்கார்ந்திருக்கும் தவளைவாயன் என்ற இரவுப் பறவையை, அவர் விரலால் காட்டிய பிறகும் கண்டுபிடிக்க நமக்கு நேரம் பிடிக்கும். ‘புலி காட்டுங்க அண்ணா’ என்று தொடங்கினால் அவரும் பாவம், பழைய பாதத் தடம் ஒன்றைக் காட்டிவிட்டுத் திருப்பிக் கூட்டிவந்துவிடுவார். ‘இப்ப எந்த மரம் பழுத்திருக்குங்க அண்ணா?’ என்று கேட்டுப் பாருங்கள்.

பார்த்ததை எங்கே பதிவு செய்யலாம்?

பறவை என்றால் இ-பேர்ட். செயலி இலவசம். தேதி, இடம், எத்தனை நிமிடம் பார்த்தீர்கள், ஒவ்வொன்றிலும் எத்தனை என்பது போதும். ‘நிறைய’ என்று எழுதாமல் உத்தேசமாகவாவது ஓர் எண் போடுங்கள். காக்கையையும் சேர்த்துத்தான். கூடு, தவளைவாயன் அடையும் மரம் போன்றவற்றின் சரியான இடத்தைக் குறிப்பில் எழுத வேண்டாம். பூங்காவுக்குள் நெட்வொர்க் பெரும்பாலும் கிடைக்காது. சேத்துமடைக்கு முன்பே வரைபடத்தை இறக்கிவைத்துக்கொள்ளுங்கள்.